இரண்டாம் நம்பர் மெஷினில் வைத்த கை

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் அண்ணிதான் எடுத்தார். ஒரு முறை நீ குளிக்கிறாய், ஒரு முறை தூங்குகிறாய், இரண்டு முறை வெளியே போயிருக்கிறாய். வெளியே போன ஆள் டிவியை அவ்வளவு சத்தமாக வைத்துவிட்டா போவார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அதனால்தான் கடிதம்.

செய்தி இதுதான். உன் மில்லிலிருந்து எனக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஷிப்ட் பொறுப்பில் இருக்கும் இருபத்திரண்டு பேருக்கு மூன்று நாள் தலைமைப் பயிற்சி. ஏப்ரல் 18, 19, 20. அப்பா முப்பத்தொரு வருடம் வேலை செய்த இடம். நீ இப்போது போர்மேனாக இருக்கும் அதே இரண்டாம் நம்பர் காகித மெஷின். பதினோரு வருடமாக ஊர் ஊராகப் போய் அப்பாவைப் பற்றிப் பேசியிருக்கிறேன். அப்பா நின்ற இடத்தில் நின்று பேசியதில்லை.

என் பயிற்சியில் நீ ஒரு நாளும் வந்து உட்கார்ந்ததில்லை, அதனால் சொல்கிறேன். முதல் நாள் முதல் மணி நேரம் அப்பாவின் கதைதான். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் குடும்பங்களை மில்லுக்குள் விட்டார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் அம்மாவோடு நின்றேன். ஷிப்ட் தொடங்கும் முன் அப்பா மெஷினின் பேரிங் மூடி மேல் வலது உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடினார். ஒரு நிமிடம் அப்படியே நின்றார். அதற்குப் பிறகுதான் ஆட்களிடம் பேசினார். வேலையைத் தொடும் முன் வேலையைக் கும்பிட்ட மனிதர். நான் சொல்லித் தருவது மொத்தமும் அந்த ஒரு நிமிடத்திலிருந்து வந்தது. உனக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப் போனதன் மேல் கை வை. அமைதியாகு. உன் காயம் ஆறட்டும். பிறகு மற்றவர்களை நடத்து.

மில்லின் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண். அவர்தான் என் வீடியோவைப் பார்த்துவிட்டு அழைத்தார். "எங்கப்பாவுக்குக் காதே தேவையில்ல, மெஷின் பேசறதை உள்ளங்கையாலயே கேப்பார்" என்று நான் சொல்லும் இடம் அவருக்குப் பிடித்ததாம். அது எந்த வருடம், அப்பா தினமும் அப்படிச் செய்வாரா என்றெல்லாம் ஆர்வமாகக் கேட்டார். வருடத்தைக் கணக்குப் போட்டுச் சொன்னேன்.

இருபத்திரண்டு பேரையும் மெஷின் பக்கத்திலேயே நிறுத்திக் கை வைக்கச் சொல்லப் போகிறேன். நீ முதலில் வை. அப்பாவின் மகன் வைத்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

பதில் எழுது.

உன் தங்கை


மார்ச் 11

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. வர வேண்டாம்.

உலகத்தில் வேறு மில்லே இல்லையா? இங்கே இரவு ஷிப்ட் முடித்து வருகிறவனைக் கண்ணை மூடி உட்காரச் சொன்னால் மூன்றாவது நிமிடம் குறட்டை விடுவான். அதை நீ தியானம் என்று எழுதிக்கொண்டு போவாய்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடு. வேறு தேதி கேட்டாலும் கொடுக்காதே. அந்தப் பாதுகாப்பு அதிகாரியிடம் இனி அப்பாவைப் பற்றி எதுவும் பேசாதே. வருடம், தேதி எதுவும் வேண்டாம். வீடியோவை எடுத்துவிட முடியுமா என்று பார்.

காரணம் கேட்காதே. மூத்தவன் சொல்கிறேன், அது போதும்.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொன்னாள்.

அண்ணா


மார்ச் 17

அண்ணாவுக்கு,

மூத்தவன் சொல்வது போதும் என்பது நான் பாவாடை கட்டிய காலத்தோடு முடிந்துவிட்டது. எனக்கு வயது நாற்பத்து நான்கு.

உனக்கு என்ன கோபம் என்று எனக்குத் தெரியும். அப்பா எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். நான் இரண்டு முறைதான் வந்தேன். தூக்கி உட்கார வைத்ததும், துணி மாற்றியதும் நீயும் அண்ணியும். அப்பாவைப் பார்த்துக்கொண்டவன் நீ, அப்பாவைச் சொல்லிப் பேர் வாங்கினவள் நான். இதைத்தானே எழுத வந்து எழுதாமல் விட்டாய்?

அதற்கு நான் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது அண்ணா. இரண்டு வருடம் முன்பு உன் வீட்டுச் சமையலறையில். நீ டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாய். நான் வாசற்படியில் நின்று, "அண்ணா, அப்பா கிடந்தப்ப நான் வந்திருக்கணும், தப்புதான், மன்னிச்சுடு" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஏழு வருடம் பிடித்தது. நீ திரும்பக்கூட இல்லை. குழாயை மூடிவிட்டு அடுத்த டம்ளரை எடுத்தாய். அன்று மாலையே பெட்டியைக் கட்டினேன். அதன் பிறகு உன் வீட்டுக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீயும் கேட்கவில்லை.

முப்பத்திரண்டு வயதில் என் கல்யாணம் முறிந்து ஆறு வாரம் ஒரே அறையில் கிடந்தேன். எழுந்து நிற்கக் காலில் பலம் இல்லை. ஒரு காலையில் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். அப்பா வைத்தது போல. ஒரு நிமிடம். மறுநாளும் வைத்தேன். மருந்து மாத்திரையும் சாப்பிட்டேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னைக் கதவு வரைக்கும் கூட்டிவந்தது அந்தக் கை. அதற்குப் பிறகு எத்தனையோ பேரை அது கூட்டிவந்திருக்கிறது. காரணம் சொல்லாமல் அதை எடுத்துவிடு என்றால் எப்படி?

18ஆம் தேதி வருகிறேன். தடுக்க வேண்டுமானால் காரணத்தை எழுது.

தங்கை


மார்ச் 26

தங்கைக்கு,

காரணம் கேட்டாய். படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

அப்பாவுக்குக் காது கேட்காது. வீட்டில் நாம் கத்திப் பேசியே பழகிவிட்டோம், உனக்குத் தெரிய வழியில்லை. மெஷின் சத்தத்தில் இருபது வருடம் நின்றவர். பேரிங் நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க எல்லோரும் நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு வைத்துக் கேட்பார்கள். அப்பா வைத்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. அதனால் உள்ளங்கையை வைத்தார். அதிர்வு கையில் தெரியும். நீ பார்த்த கும்பிடு அதுதான். கண்ணை மூடினால் கைக்கு நன்றாகத் தெரியும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

வெளியே தெரிந்தால் மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள். வருடா வருடம் மருத்துவப் பரிசோதனை உண்டு. டாக்டர் முதுகுப் பக்கம் நின்று சின்ன மணியை அடிப்பார். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அப்பா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார், அறைக் கதவு திறந்திருக்கும், அடுத்து போகிறவர்கள் வராந்தாவில் வரிசையாக நிற்போம். நான் மில்லில் சேர்ந்த பிறகு அப்பாவுக்கு அடுத்த ஆளாக நிற்பேன். டாக்டர் மணியை அடித்தால் நான் மூக்கைச் சொறிவேன். அப்பா கையைத் தூக்குவார். நான்கு வருடம் என் மூக்குதான் அப்பாவுக்குக் காது.

நீ பத்தாவது படித்தபோது நடந்த விபத்து உனக்கு நினைவிருக்கும். நாம் 'பாட்டுக்காரர்' என்று சொல்வோமே, வேலை நேரம் முழுக்கப் பாடிக்கொண்டே இருப்பாரே, அவர். காகிதம் அறுந்துவிட்டது. நுனியைப் பிடித்து உள்ளே கொடுக்கப் போனார். கை உருளைக்குள் போய்விட்டது. நிறுத்தும் பொத்தான் அப்பாவுக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. அப்பா முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். வேறொருவன் ஓடிவந்து அழுத்தும் வரை மெஷின் ஓடியது. வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

விசாரணையில் அவர், "நிறுத்தச் சொல்லிக் கத்தினேன்" என்றார். அப்பாவிடம் கேட்டார்கள். "சத்தம் எதுவும் வரலை" என்றார். அடுத்து என்னைக் கேட்டார்கள். நான் நாற்பது அடி தள்ளி, பம்ப் அருகில் இருந்தேன். நானும் "கேக்கலை" என்றேன். தொழிலாளியின் கவனக்குறைவு, சத்தம் கொடுக்கவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். அப்பா ஒரு மாதத்தில் தானாகவே கேட்டு ஸ்டோருக்கு மாறிப் போனார். அதற்குப் பிறகு மெஷின் பக்கம் அவர் வரவில்லை. உன் பயிற்சியில் நீ இதைச் சொல்வதில்லை, ஏனென்றால் உனக்குத் தெரியாது.

உன்னை அழைத்த பாதுகாப்பு அதிகாரி பாட்டுக்காரரின் மகள். விபத்து நடந்தபோது ஐந்து வயது. இந்த வேலைக்குப் படித்து, கேட்டு, இங்கேயே வந்து சேர்ந்தாள். அவளுக்கு உன் வீடியோவில் என்ன பிடித்தது என்று இப்போது புரிகிறதா? "காதே தேவையில்ல." அதுவும் விபத்துக்கு மூன்று வருடம் முன்பிருந்தே. கணக்குப் போட்டு நீயே கொடுத்திருக்கிறாய்.

வராதே.

ஒன்று மட்டும் புரியவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டதாக எழுதியிருக்கிறாய். எப்போது? நீ வந்த அன்று நான் டம்ளர் கழுவினது நினைவிருக்கிறது. நீ பின்னால் நின்றதே எனக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது பெட்டி கட்டிக்கொண்டிருந்தாய்.

அண்ணா


ஏப்ரல் 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கிழிக்கவில்லை.

முதல் முறை படித்தபோது அப்பா மேல் கோபம் வந்தது. அடுத்து உன் மேல். இவ்வளவு வருடம் நான் மேடையில் நின்று பேசுவதைக் கேள்விப்பட்டுக்கொண்டே இருந்தாயே, ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

வியாழக்கிழமை ஒரு அலுவலகத்தில் பயிற்சி இருந்தது. முப்பது பேர் மேசையில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். நான் கதையைத் தொடங்க வேண்டிய இடம். வாய் திறக்கவில்லை. இரண்டு நிமிடம் அப்படியே நின்றேன். அதுவும் பயிற்சிதான் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் அழுதார். இடைவேளையில் வந்து, "மேடம், அந்த மௌனம் பிரமாதம்" என்றார்.

மூன்றாம் முறை படித்தபோது கடைசி ஐந்து வரியில் நின்றுவிட்டேன். அதைத்தான் எழுத வந்தேன்.

அண்ணா, சமையலறை உன் வீட்டில் எட்டடி. நான் வாசற்படியில் நின்று சாதாரணக் குரலில்தான் பேசினேன், முணுமுணுக்கவில்லை. குழாயை நீ மூடிய பிறகும் பேசிக்கொண்டிருந்தேன். போனை நீ எடுப்பதில்லை. டிவி தெரு வரைக்கும் கேட்கிறது. அண்ணி உன்னோடு பேசும்போது முன்னால் வந்து நின்று பேசுகிறார். அது ஏதோ பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறர் பேசுவதை எப்படிக் கேட்பது என்று சொல்லிக் கொடுப்பது என் பிழைப்பு. அண்ணனுக்குக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. கோபம் என்று நினைத்து இரண்டு வருடம் வராமல் இருந்தேன்.

எத்தனை வருடமாக? நேராகப் பதில் எழுது. காலையில் ஷிப்ட் தொடங்கும் முன் நீயும் பேரிங் மேல் கை வைக்கிறாயா?

தங்கை


ஏப்ரல் 6

வாயாடிக்கு,

ஆறு வருடம். வைக்கிறேன்.

இப்போது மணி எல்லாம் இல்லை. கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதில் மாட்டிவிடுகிறார்கள். வெளியே நர்ஸ் பொத்தானை அழுத்துவாள். அழுத்தும்போது அவள் இடது தோள் கொஞ்சம் இறங்கும். நான் கையைத் தூக்குவேன். மூக்கைச் சொறிய எனக்கு மகன் இல்லை, தோளைப் பார்த்தே ஓட்டிவிட்டேன்.

அண்ணிக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

பதினாலு மாதம்தான் இருக்கிறது, ஓய்வு பெற்றுவிடுவேன். உன் பயிற்சியில் என்னைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு நீ பேசினால் எனக்கு உதடு தெரியாது. எல்லோரும் கை எடுத்த பிறகும் நான் ஒருவன் வைத்துக்கொண்டு நிற்பேன். பாட்டுக்காரரின் மகள் எதிரில். அதற்காகவும்தான் வராதே என்றேன்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, இதையும் எழுதிவிடுகிறேன். போன செவ்வாய்க்கிழமை மெஷினை மெதுவாக ஓட விட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் 'ஒல்லி' உள்ளே குனிந்து துடைத்துக்கொண்டிருந்தான். அவன் வெளியே வந்துவிட்டான் என்று நினைத்து வேகத்தைக் கூட்டினேன். யாரோ வந்து என் தோளில் ஓங்கி அடித்தான். அப்போதுதான் பார்த்தேன், ஐந்தாறு பேர் என்னைப் பார்த்து வாயைத் திறந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள். நிறுத்தினேன். ஒல்லியின் சட்டைக் கை கிழிந்திருந்தது. தோல் படவில்லை. அடித்தவன், "என்ன அண்ணே, காதுல பஞ்சா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒல்லிதான் அதிகம் சிரித்தான்.

அன்று மாலை வரைக்கும் என் கை நடுங்கியது. பேரிங் மேல் வைத்தால் அதிர்வு எது, நடுக்கம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

பதினாலு மாதம் ஜாக்கிரதையாக இருந்துவிடுவேன். நீ வாயை மட்டும் மூடிக்கொள்.

அண்ணா


ஏப்ரல் 10

அண்ணாவுக்கு,

வாயை மூட மாட்டேன்.

உன் கடிதத்தில் ஒல்லியின் சட்டை வரும் இடத்தை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. அவனுக்கு வீடு, பிள்ளைகள் உண்டா? உன் ஷிப்டில் எத்தனை பேர், பதினொன்றா, பன்னிரண்டா? பதினாலு மாதம் ஜாக்கிரதையாக இருப்பேன் என்கிறாய். அப்பாவும் ஜாக்கிரதையான மனிதர்தான் அண்ணா. என்னைச் சைக்கிளில் உட்கார வைத்தால் சக்கரத்தில் கால் படாமல் துண்டால் கட்டிவிட்டுத்தான் மிதிப்பார்.

முன்னோர் விட்டுப் போனதில் கை வை என்று பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என்ன விட்டுப் போனார்கள் என்று பார்த்துவிட்டு வை என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. நானும் பார்க்கவில்லை. எனக்கு அது ஒரு சுவரைப் பிடித்து எழுந்து நிற்க உதவியது. அது பொய் என்று இப்போதும் நினைக்கவில்லை. உனக்கு அதே கை ஒளிந்துகொள்ள உதவியது. நம் இரண்டு பேருக்கும் அப்பா கொடுத்தது ஒன்றேதான்.

நான் செய்யப் போவது இது. வீடியோவை எடுக்கவில்லை. எடுத்தால் மறைப்பது ஆகிவிடும். 18ஆம் தேதி வருகிறேன். அப்பாவின் கதையைச் சொல்ல மாட்டேன். முதல் மணி நேரத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதற்கு முன் நீயே போய் உன் காதைப் பற்றிச் சொல்லிவிடு. சொல்லவில்லை என்றால், அந்த மணி நேரத்தில் நான் சொல்வேன்.

அப்பாவையும் பாட்டுக்காரரையும் பற்றி நான் பேச மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது, சொல்லாமல் விடுவதும் உன் பொறுப்பு. உன் காது மட்டும் எட்டு நாளைக்கு மேல் ரகசியமாக இருக்காது. நீ என்னோடு ஆயுசுக்கும் பேசாமல் போனாலும் சரி. பேசாமல் இருந்து நமக்குப் பழக்கம்தானே.

 

தங்கை


ஏப்ரல் 15

வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். அண்ணி, "திட்டினது போதும், இப்ப சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்புங்க" என்றாள். முன்னால் வந்து நின்றுதான் சொன்னாள்.

இன்று காலை போனேன். பாதுகாப்பு அதிகாரியின் அறை சின்னது. அலமாரியில் எட்டு ஹெல்மெட், மேசையில் ஒரு கிழிந்த கையுறை. உட்காரச் சொன்னாள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். சாத்தும்போது முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னாள். கழுத்து அசைந்ததில் தெரிந்தது. வழக்கமாக அந்த மாதிரி நேரத்தில் தலையாட்டிச் சிரித்துவிடுவேன். எல்லாக் கேள்விக்கும் அது பொருந்தும்.

"இப்ப நீங்க சொன்னது எனக்குக் கேக்கலைம்மா. நீங்க முகத்தைத் திருப்பினா எனக்கு ஒண்ணுமே கேக்காது. ஆறு வருஷமா" என்றேன்.

அவள் வந்து எனக்கு எதிரில், ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன். ஒல்லி அவளிடம் புகார் எதுவும் கொடுக்கவில்லையாம். அதைக் குறித்துக்கொண்டாள். நர்ஸின் தோளைச் சொன்னேன். அதையும் குறித்துக்கொண்டாள். அப்புறம் அப்பாவைப் பற்றியும் சொன்னேன். என் மூக்கைப் பற்றிச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நான்தான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை.

நான் முடித்ததும் அவள் ஒரு காகிதத்தை எடுத்து எழுதி என் பக்கம் தள்ளினாள். நம் மில் காகிதம். அதில் இருந்தது: "அன்று எங்கப்பா கத்தினாரா, இல்லையா?"

வாயால் சொல்லியிருக்கலாம். பேனாவை வாங்கி அதன் கீழே எழுதினேன். "கத்தினார். மூன்று தடவை. மூன்றாவது தடவை எங்கப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தினார்."

உனக்கு எழுதும்போது இதைத் தாண்டிப் போய்விட்டேன். நாற்பது அடி, பம்ப் என்று எழுதினேன், நீயும் நம்பினாய். அன்று என் காது நன்றாக இருந்தது. அவர் பாட்டை அங்கே இருந்துதான் தினமும் கேட்பேன், அந்தக் கத்தல் கேட்காமல் போகுமா? அப்பாவைக் காப்பாற்ற "கேக்கலை" என்றேன். அப்பா வீட்டுக்கு வரும் வழியில் என்னை நிறுத்தி, "நிஜமாவே கத்தினாரா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். அவர் சாகும்வரை அதை நம்பினாரா, நம்பவில்லையா என்று தெரியாது. ஆனால் அவர் ஸ்டோருக்குப் போய்விட்டார்.

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். என்னைத் திட்டவில்லை. அழவும் இல்லை. திரும்ப எழுதினாள்: "இதை எங்கப்பாவிடம் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டில் இருப்பார்." அதன் கீழே முகவரி. பிறகு பழைய விசாரணையைத் திரும்பத் திறக்கச் சொல்லி எழுதப் போவதாகவும், அதற்கும் நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள். உதட்டை நன்றாக அசைத்து, மெதுவாகச் சொன்னாள். போடுகிறேன் என்றேன்.

நாளை முதல் எனக்கும் ஸ்டோர்தான். காதைப் பரிசோதிக்க வெளியே ஒரு டாக்டரிடம் அனுப்புகிறார்கள். மெஷினை விட்டு வரும்போது பேரிங் மேல் கை வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. புது ஆள் ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

உன் பயிற்சியை ரத்து செய்யவில்லையாம். முதல் மணி நேரம் காலியாக இருக்கிறது என்றாயே, அதை எனக்குக் கொடு. இருபத்திரண்டு பேருக்கு நானே சொல்கிறேன். யாரும் கண்ணை மூட வேண்டாம்.

பயிற்சி முடிந்ததும் ஊருக்குக் கிளம்பிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை என்னோடு பாட்டுக்காரர் வீட்டுக்கு வா. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். அவருக்கு மீசை பெரியதாக இருக்கிறது என்று மகள் சொன்னாள், உதடு எனக்குத் தெரியாது. நீ பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்வதை எழுதிக் கொடு. அவர் சொல்கிறபடியே எழுது. ஒரு வார்த்தையையும் அழகாக்காதே.

சமையலறையில் நீ சொன்னது இப்போதுதான் எனக்குக் கேட்டது. வீட்டுக்கு வந்து தங்கு.

அண்ணா